டேக் ஆஃபா, லேண்டிங்கா? விமான டயரை எது அதிகம் தின்கிறது?

கருடன்737 (கேள்வி)

போயிங் 737-800 விமானத்தை வைத்தே கேட்கிறேன். முதன்மைச் சக்கரங்கள் நான்கு. டயர் அளவு எச்44.5×16.5-21 (விட்டம், அகலம், ரிம் அளவு, எல்லாம் அங்குலத்தில்). இறங்கும் வேகம் சுமார் 140 நாட், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டருக்குப் பக்கம். சுழலாமல் சும்மா தொங்கும் சக்கரம் அந்த வேகத்தில் தரையைத் தொடும்போது புகை வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எனக்குத் தெளிவாக வேண்டியவை மூன்று. தேய்மானத்தில் பெரும்பங்கு அந்தப் புகையிலா, அதற்குப் பிறகு பிடிக்கும் பிரேக்கிலா? டேக் ஆஃபில் டயர் சுழன்றுகொண்டுதானே ஓடுகிறது, அப்படியிருக்க டேக் ஆஃப்தான் டயருக்குக் கடினம் என்று பராமரிப்புக் கையேடுகள் ஏன் அழுத்திச் சொல்கின்றன? இறங்குவதற்கு முன்பே சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் என்ன கெட்டுவிடும்?

அச்சாணி

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம்.

72 மீட்டர்/நொடி வேகத்தில் தரையைத் தொட்ட டயர், ஓடுபாதையோடு ஒத்துப்போக நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று சுழல வேண்டும். சுழியத்திலிருந்து அந்த வேகத்துக்கு அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏறுகிறது. அதுவரை டயர் உருளவில்லை, உரசி இழுபடுகிறது. சக்கரம், டயர், பிரேக்கின் சுழலும் தட்டுகள் எல்லாம் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதைச் சுழல வைக்க ஏறத்தாழ 2 லட்சம் ஜூல் ஆகும். உராய்வால் சுழற்றும்போது ஒரு விதி உண்டு: சக்கரத்துக்குள் எவ்வளவு ஆற்றல் போகிறதோ, அதே அளவு உரசும் இடத்தில் வெப்பமாகவும் போகும். அந்த வெப்பம் டயரின் மேல்தோலில், ஒரே ஒரு திட்டில் இறங்குகிறது. அங்கே இருக்கும் ரப்பர் இளகி ஓடுபாதையில் ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் புகையாகிறது.

இதையே மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 65 டன் விமானம் 72 மீட்டர்/நொடியில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 17 கோடி ஜூல். நான்கு சக்கரத்தையும் சுழல வைக்கச் செலவானது 8 லட்சம், அதாவது அரை விழுக்காடு. மீதியைக் காற்றின் இழுவை, எஞ்சினின் எதிர் உந்துவிசை, பிரேக் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. பிரேக்கின் பங்கு முழுவதும் டயர் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. பிரேக் பிடிக்கும்போது டயர் சுத்தமாக உருளுவதில்லை. தரையைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழன்று, சிறு வழுக்கலோடு நகரும். கண்ணுக்குப் புகை தெரியாது. ஆனால் தொட்ட இடத்திலிருந்து டாக்ஸிவே திரும்பும்வரை அந்த அரைப்பு நடந்துகொண்டே இருக்கும்.

ஒரு லேண்டிங்குக்கு டயர் அரைக்கிலோவுக்கு மேல் ரப்பரை இழக்கிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். நம்பாதீர்கள், கணக்கு ஒத்துவராது. இந்த டயரின் சுற்றளவு சுமார் 3.55 மீட்டர். ட்ரெட்டின் (தரையில் உரசித் தேயும் வெளி ரப்பர்) அகலம் 33 செ.மீ., பள்ளத்தின் ஆழம் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளங்களைக் கழித்தால் தேயக்கூடிய ரப்பர் மொத்தமே 11 கிலோதான். 200 லேண்டிங்கில் அது தீர்ந்தால், டாக்ஸி (தரையில் மெதுவாக ஓடுவது), டேக் ஆஃப், லேண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு டயருக்கு ஒரு பயணத்தில் 55 கிராம். அரைக்கிலோ போனால் 22 லேண்டிங்கிலேயே டயர் மொட்டையாகிவிடுமே!

மூன்றாவதாக ஒரு திருடன் இருக்கிறான். அவனை யாரும் பேசுவதில்லை: மெதுவான வேகத்தில் இறுக்கித் திரும்புவது. ஒரு பக்கத்து இரண்டு டயர்களும் ஒரே அச்சில் இருந்தாலும் திருப்பத்தில் உள்டயர் குறைந்த தூரமும் வெளிடயர் அதிகத் தூரமும் போக வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்தைப் பிரேக்கில் நிறுத்தி அதையே மையமாக வைத்துத் திருப்பினால், அந்த டயர்கள் நின்ற இடத்திலேயே தரையோடு தேய்த்து முறுக்கப்படும். பெரிய விமானங்களில் இது இன்னும் மோசம். அதனால்தான் 777-இன் ஆறு சக்கர போகியில் (ஒரே காலில் பல அச்சுகள் கொண்ட சக்கரத் தொகுதி) பின்னச்சு தனியாகத் திரும்புகிறது. 747-இல் உடலுக்குக் கீழே உள்ள சக்கரத் தொகுதிகளும் திரும்புகின்றன.

ஹேங்கர்_மூன்று

அச்சாணி சொன்னது ட்ரெட் பற்றி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ட்ரெட் என்பது செருப்பின் அடிப்பாகம் மாதிரி, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். டயரின் உயிர் உள்ளே இருக்கும் கேசிங்கில், அதாவது நைலான் இழை அடுக்குகளில் இருக்கிறது. லேண்டிங் ட்ரெட்டைத் தின்கிறது, டேக் ஆஃப் கேசிங்கைத் தின்கிறது. கையேடுகள் டேக் ஆஃபைப் பற்றிப் பயப்படுவது இதனால்தான்.

லேண்டிங்கில் விமானம் எரிபொருளை எரித்து எடை குறைந்து வருகிறது. தொட்ட கணத்தில் இறக்கை இன்னும் பாதிச் சுமையைத் தாங்குகிறது. டயரும் குளிர்ந்திருக்கிறது. டேக் ஆஃபில் எல்லாம் தலைகீழ். 79 டன் எடை. ஒவ்வொரு முதன்மை டயரின் மேலும் சுமார் 18.5 டன். 200 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு) அழுத்தத்தில் அந்தச் சுமை தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 36 செ.மீ. சதுரம். டயர் தன் பக்கச்சுவர் உயரத்தில் 32 விழுக்காடு அமுங்கி ஓடும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கார், லாரி டயர்கள் 17 விழுக்காடு அளவில்தான் அமுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. 5 கிலோமீட்டர் டாக்ஸி என்றால் ஏறக்குறைய 1,500 மடிப்பு. அதற்கு மேல் 2 கிலோமீட்டர் டேக் ஆஃப் ஓட்டத்தில் இன்னும் 600, அதுவும் ஏறிக்கொண்டே போகும் வேகத்தில். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே பிறந்த சூடு வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. ரிம்மைக் கவ்விப்பிடிக்கும் ஓரப்பகுதிதான் அதிகம் வேகும். நைலான் சூடேற ஏற வலுவிழக்கும்.

மையவிலக்கு விசையும் சேர்கிறது. 145 நாட்டில், அதாவது 75 மீட்டர்/நொடியில், டயரின் மேல்பரப்பில் இருக்கும் ஒவ்வொரு கிராம் ரப்பரும் ஒரு கிலோ எடையுள்ளதுபோல வெளியே இழுக்கும். ட்ரெட் பிய்ந்து பறப்பது பெரும்பாலும் டேக் ஆஃபின் கடைசிக் கட்டத்தில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

டயருக்கு வேக வரம்பு உண்டு. இந்த வகை டயர்களில் பரவலாக இருப்பது மணிக்கு 225 மைல், அதாவது 195 நாட். இது தரைவேகம், விமானியின் காற்றுவேகமானி காட்டும் எண் அல்ல. 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் பொலிவியாவின் எல் ஆல்ட்டோ மாதிரியான நிலையத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மானியில் 150 நாட் என்றால் உண்மையான வேகம் 185-ஐ நெருங்கும். பின்காற்று 10 நாட் சேர்ந்தால் டயர் வரம்பைத் தொட்டுவிட்டது. அங்கே டேக் ஆஃப் எடையை எஞ்சின் மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, டயரும் கட்டுப்படுத்தும்.

இதையெல்லாம் தாங்கும் கேசிங்கைக் கொல்வது ஒன்றே ஒன்று: அழுத்தக் குறைவு. அழுத்தம் குறைந்தால் அமுக்கம் கூடும், அமுக்கம் கூடினால் சூடு கூடும். அதோடு நிற்காது. ஒரே அச்சில் இருக்கும் இணை டயர் இதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூடவே இணை டயர் முட்டுக்கொடுப்பதால், காலால் உதைத்தோ கண்ணால் பார்த்தோ இதைப் பிடிக்கவே முடியாது. அளவுமானி வைத்துத்தான் ஆக வேண்டும்.

1991 ஜூலை 11 அன்று ஜெட்டாவிலிருந்து கிளம்பிய டிசி-8 விமானம் இதற்குத் துயரமான சாட்சி. இடதுபக்க போகியில் இரண்டாம் எண் டயரில் அழுத்தம் குறைவாக இருந்தது. அதன் சுமை முதலாம் எண் டயர் மேல் ஏறியது. நீண்ட டாக்ஸி, வெயில், முழு எடை. டேக் ஆஃப் ஓட்டத்திலேயே முதலாம் டயர் போனது, உடனே இரண்டாவதும் போனது. உரசலில் தீப்பிடித்தது. சக்கரங்களை உள்ளே இழுத்தபோது தீயும் உள்ளே போனது. 261 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கிளம்புமுன் நைட்ரஜன் நிரப்பியிருந்தால் தடுத்திருக்கலாம்.

தினமும் பார்க்க வேண்டிய முறை இது. விமானம் நின்று குறைந்தது 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். 3 மணி நேரம் என்றால் நல்லது. சூடான டயரில் காட்டும் எண்ணை நம்பி ஒருபோதும் நைட்ரஜனை வெளியேற்றக் கூடாது. குறித்த அழுத்தத்தில் 100-லிருந்து 105 விழுக்காடு இருந்தால் தொட வேண்டாம். 95-லிருந்து 100 என்றால் நிரப்பினால் போதும். 90-லிருந்து 95 என்றால் வால்வு, ரிம் எல்லாம் பார்த்து, நிரப்பி, பதிவேட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் மறுபடி இறங்கினால் சக்கரத்தைக் கழற்றுங்கள். 90-க்குக் கீழே என்றால் நிரப்பிப் பார்ப்பதே கிடையாது, கழற்ற வேண்டியதுதான். 80-க்குக் கீழே ஓடியிருந்தால் இணை டயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். அந்த நல்ல டயரைக் கழற்றச் சொன்னால் பலருக்கு மனம் வராது. ஆனால் மிகைச்சுமை வாங்கியது அதுதான்.

வெப்பநிலை 3 பாகை மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 விழுக்காடு மாறும். ஜனவரியில் சென்னையில் 29 பாகையில் சரியாக இருந்த டயர், ஃப்ராங்க்ஃபர்ட்டில் உறைநிலைக்குக் கீழே 3 பாகையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருக்கும். போகும் இடத்துக்கும் கிளம்பும் இடத்துக்கும் 27 பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் குளிர்ந்த இடத்தைக் கணக்கில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். புதிதாக மாட்டிய டயருக்கு 12 மணி நேரம் கொடுங்கள். நைலான் இழுபட்டு டயர் கொஞ்சம் பெருக்கும், அழுத்தம் இறங்கும். அது கசிவல்ல. மறுபடி நிரப்பிய பிறகு அடுத்த 24 மணி நேரத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால்தான் கசிவு.

தென்றல்_ஏவியானிக்ஸ்

முன்கூட்டியே சுழற்றும் யோசனை பற்றி. பக்கச்சுவரில் காற்றுத் துடுப்பு வைப்பது, மோட்டார் வைப்பது என்று பல பத்தாண்டுகளாகக் காப்புரிமைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. பயணிகள் விமானங்களில் நிலைக்கவில்லை. மேலே உள்ள கணக்கே காரணம்: சேமிப்பது தேய்மானத்தின் ஒரு பங்கைத்தான், பிரேக்கும் திருப்பமும் அப்படியே இருக்கும். அதற்காக ஒவ்வொரு பயணத்திலும் மோட்டாரின் எடையைச் சுமக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. சக்கரம் சுழலத் தொடங்குவதை விமானம் ஒரு செய்தியாகப் பயன்படுத்துகிறது. 737-இல் லேண்டிங்குக்குத் தயார்நிலையில் வைத்த ஸ்பீட்பிரேக் (இறக்கையின் மேல் எழும் தகடுகள்), விமானம் 10 அடிக்குக் கீழே வந்து சக்கரம் 60 நாட்டுக்கு மேல் சுழன்றதும் தானாக எழும். ஆன்டி-ஸ்கிட்டும் (சக்கரம் பூட்டி இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) அப்படித்தான்: விமானி மிதியை அழுத்திக்கொண்டே தரையைத் தொட்டாலும், சக்கரம் சுழன்று வேகம் பிடிக்கும்வரை பிரேக் பிடிக்க விடாது. சக்கரம் காற்றிலேயே சுழன்றுகொண்டிருந்தால் இந்தத் தர்க்கம் முழுவதையும் மாற்றி எழுத வேண்டும்.

கருடன்737

மிக நன்றி. கேசிங், ட்ரெட் என்று பிரித்துச் சொன்னது கண்ணைத் திறந்துவிட்டது. தொடர்ச்சியாக இரண்டு சந்தேகங்கள். நிறுத்தியிருக்கும் விமானத்தில் ஏறக்குறைய மொட்டையான டயர்களைப் பார்க்க முடிகிறதே, எந்த அளவுவரை ஓட்டலாம்? மழையில் பள்ளமில்லாத டயர் ஆபத்தில்லையா?

ரப்பர்_மணி

பொதுவான வரம்பு இது: ஏதாவது ஒரு பள்ளம், டயர் சுற்றளவில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அடிவரை தேய்ந்துபோனால் கழற்ற வேண்டும். ட்ரெட்டுக்கு அடியில் உள்ள காப்பு அடுக்கின் இழை அதே நீளத்துக்கு வெளியே தெரிந்தாலும் அதேதான். உங்கள் விமானத்தின் கையேடு இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதுதான் சட்டம். பள்ளங்கள் நேர்கோடாக, சுற்றிலும் ஓடுபவை. கார் டயர் மாதிரி கட்டம் கட்டமாக வெட்டினால் இந்த வேகத்தில் துண்டுகள் பிய்ந்துவிடும்.

தேய்ந்த விதத்தைப் படிக்கப் பழகுங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் அழுத்தம் கூடுதல். இரு ஓரமும் தேய்ந்தால் அழுத்தம் குறைவு, அந்த டயரை நான் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வு. டயரைக் கழற்றி ரிம்மில் திருப்பி மாட்டினால் மீதி ஆயுளை எடுத்துவிடலாம். ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் பூட்டி இழுபட்டிருக்கிறது. இழை தெரியாவிட்டாலும், விமானம் அதிர்வதாக விமானி எழுதியிருந்தால் கழற்றுங்கள். டயரை மட்டும் மாற்றிவிட்டு ஆன்டி-ஸ்கிட் உணரியைப் பார்க்காமல் விட்டால் அடுத்த டயரும் அதே இடத்தில் தட்டையாகும்.

நீர் வடிய வரி வெட்டிய ஓடுபாதைகள் இன்னொரு தடயம் விடும். குறுக்கே 6 மி.மீ. ஆழம், 6 மி.மீ. அகலத்தில், 38 மி.மீ. இடைவெளியில் வெட்டியிருப்பார்கள். சுழலாத டயர் அந்த விளிம்புகளில் விழுந்து இழுபடும்போது ட்ரெட்டில் ‘வி’ வடிவக் கீறல்கள் விழும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கீறல் மட்டும் என்றால் ஓட்டலாம். துண்டு பெயர்ந்து ஒரு சதுர அங்குலத்துக்கு மேல் அடுக்கு தெரிந்தால் கழற்றுங்கள்.

மழைக்கு வருவோம். தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசா ஆய்வில் பிறந்த ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது: அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் நாட்டில் விடை. 200 பிஎஸ்ஐக்கு 127 நாட். இது ஏற்கெனவே சுழலும் டயருக்கு. சுழலாமல் வந்து விழும் டயருக்கு 7.7-ஆல் பெருக்க வேண்டும், விடை 109 நாட். 140-இல் இறங்கும் விமானத்துக்கு இரண்டுமே கீழே இருப்பதைக் கவனியுங்கள். பஞ்சுபோல மெத்தென்று இறக்கினால் டயர் நீரின் மேலேயே சறுக்கிக்கொண்டு போகும், சுழலாது. ஈர ஓடுபாதையில் கொஞ்சம் அழுத்தமாக இறக்கச் சொல்வது டயர் நீரைக் கிழித்துத் தரையைப் பிடிக்கத்தான். பயணிகள் அதை மோசமான லேண்டிங் என்பார்கள், அதுதான் சரியான லேண்டிங். 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் ஓர் ஏ320 ஈர ஓடுபாதையில் இறங்கியபோது சக்கரங்கள் போதிய வேகத்தில் சுழலவில்லை, இரு பக்கச் சக்கரக் கால்களிலும் போதிய சுமையும் ஏறவில்லை. விமானம் தரையிறங்கிவிட்டது என்று கணினி ஏற்கச் சுமார் 9 நொடி ஆனது. அதுவரை ஸ்பாய்லரும் (அதே ஸ்பீட்பிரேக் தகடுகள்) எதிர் உந்துவிசையும் வரவில்லை. ஓடுபாதையைத் தாண்டிப் போய் மேட்டில் மோதியது.

மழையில் பூட்டிய சக்கரம் தனி அடையாளம் விடும். அடியில் சிக்கிய நீர் ஆவியாகி ரப்பரை வேகவைக்கும். டயரில் நீள்வட்டமாக, பிசுபிசுப்பான ஒரு திட்டு இருக்கும். ஓடுபாதையில் கறுப்புக்குப் பதிலாகக் கழுவிவிட்டதுபோல வெளுத்த கோடு இருக்கும். இரண்டையும் பார்த்தால் பிரேக் வரலாற்றைக் கேளுங்கள்.

அச்சாணி

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் ஏன் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ நகரிலிருந்து கிளம்பிய 727-இல், பிடித்தபடியே இழுத்த பிரேக் சக்கரத்தைச் சூடாக்கியது. டயரில் இருந்தது சாதாரணக் காற்று. மிகைச்சூட்டில் டயரின் உள்தோலிலிருந்து ஆவி கிளம்பும். அது ஆக்சிஜனோடு கலந்தால் வெடிக்கும். பறந்துகொண்டிருந்தபோது வெடித்தது, 167 பேரும் இறந்தார்கள். இன்று பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அவசரத்துக்குக் கம்ப்ரசர் காற்றைக் கொஞ்சம் அடித்துவிட்டுப் பிறகு நைட்ரஜனால் நிறைப்பது அந்த 5 விழுக்காட்டைச் சுலபமாகத் தாண்ட வைக்கும்.

ரிம்மில் உருகும் அடைப்பான்கள் இருக்கும். டேக் ஆஃபைப் பாதியில் கைவிட்டு முழு பிரேக் பிடித்தால், சூடு பிரேக்கிலிருந்து ரிம்முக்கு ஏறப் பல நிமிடம் ஆகும். நின்றபோது நன்றாக இருந்த டயர் கால் மணி நேரம் கழித்துத்தான் அடைப்பான் உருகி அழுத்தம் இழக்கும். அந்த நேரத்தில் சக்கரத்தின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. நெருங்கியே ஆக வேண்டுமென்றால் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மட்டும். ரிம் உடைந்தால் பறப்பது பக்கவாட்டில்தான்.

ரப்பர்_மணி

ஒரு விஷயம் விட்டுப்போனது. நல்ல நேரத்தில் கழற்றிய டயருக்குப் புது ட்ரெட் ஏற்றி மறுபடி மறுபடி ஓட்டலாம். எத்தனையாவது முறை என்பது ஆர்-1, ஆர்-2 என்று பக்கச்சுவரிலேயே இருக்கும். அடுக்குகள் பிரிந்திருக்கிறதா என்று லேசர் ஒளியால் உள்ளே பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். இன்னும் பத்து லேண்டிங் வரட்டும் என்று இழுத்தடித்து இழை வெளியே வந்துவிட்டால், அந்த கேசிங் குப்பைக்குத்தான். பத்து லேண்டிங்கை மிச்சப்படுத்தி ஒரு கேசிங்கை இழப்பது நஷ்டம்.

கழற்றும்போது: முதலில் அழுத்தம் முழுவதையும் இறக்குங்கள், இறங்கியதை மானியில் உறுதி செய்யுங்கள், பிறகுதான் ரிம்மின் இரு பாதிகளையும் இணைக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். அச்சு நட்டைக் கழற்றுவதற்கு முன்பே கொஞ்சம் இறக்கிவிடுவது நல்லது; போல்ட் ஏற்கெனவே உடைந்திருந்தால் அந்த நட்டுதான் ரிம்மைப் பிடித்துக்கொண்டிருக்கும். அட்டையில் ‘தேய்ந்தது’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எத்தனை லேண்டிங், எந்தச் சக்கர இடம், எங்கே தேய்ந்தது, கடைசியாக எப்போது அழுத்தம் குறைந்தது என்று நான்கும் எழுதுங்கள். அழுத்தக் குறைவோடு ஓடிய டயர் என்று எழுதாவிட்டால், புது ட்ரெட் ஏற்றுபவருக்கு அது வெளியிலிருந்து தெரியாது.